இரண்டாவது சர்வீஸ் வலையிலேயே விழுகிறது: எதை முதலில் சரிசெய்வது?

சாட்ஸ்வொர்த்காரன்
ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். டர்பன் பக்கம் வார இறுதி டென்னிஸ் லீக் ஆடுகிறேன். வயது 43, உயரம் 170 செ.மீ., வலது கை.

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் செட், 5-4, 40-30, என் சர்வீஸ். ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் செட் என்னுடையது. முதல் சர்வீஸை முழு பலத்தோடு அடித்தேன், கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவதை மெதுவாகத் தள்ளினேன், வலையில் விழுந்தது. டியூஸில், அதாவது 40-40இல், மறுபடியும் அதே கதை. கேம் போனது, செட் போனது, ஆட்டமும் போனது. வெளியே உட்கார்ந்து ஸ்கோர் எழுதிய பெண், மொத்தம் 14 டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வீஸும் தவறி பாயிண்ட் போவது) என்று தாளைக் காட்டினாள். இரவு தூக்கமே வரவில்லை.

என் முதல் சர்வீஸ் உள்ளே விழுந்தால் யாராலும் சுலபமாகத் திருப்ப முடியாது. ஆனால் இரண்டு தடவைக்கு ஒரு தடவைகூட விழுவதில்லை. ஆரம்பத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இரண்டே விஷயம்தான் சொன்னார்: "பந்தைக் கீழ்நோக்கி அடி, மணிக்கட்டைச் சொடுக்கு." எட்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

ஒரு சர்வீஸை நல்ல சர்வீஸ் ஆக்குவது எது? டாஸா (பந்தை மேலே தூக்கிப் போடுவது), பிடியா, காலா, தோளா? எதில் கை வைப்பது என்று தெரியாமல்தான் கேட்கிறேன்.


மிட்ராண்ட்_திருச்சி
ஞாயிறு, இரவு 9.25

அண்ணா, "கீழ்நோக்கி அடி" என்பதை முதலில் மறந்துவிடுங்கள். கணக்குப் போட்டே பார்க்கலாம்.

நாம் நின்று சர்வீஸ் போடுகிற பின்கோடு, அதாவது பேஸ்லைனிலிருந்து வலை 11.89 மீட்டர். வலையிலிருந்து, பந்து தாண்டக் கூடாத சர்வீஸ் கோடு 6.40 மீட்டர். நடுவில் வலையின் உயரம் 0.914 மீட்டர். புவியீர்ப்பே இல்லை, பந்து நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் கோட்டிலிருந்து வலையின் மேல்விளிம்பைத் தொட்டபடி ஒரு நூலை இழுத்துக்கொண்டு பேஸ்லைனுக்கு வந்தால், அந்த நூல் 2.61 மீட்டர் உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே இருந்து நேர்கோட்டில் அடிக்கிற எந்தப் பந்தும் பாக்ஸுக்குள் விழாது. ஒன்று வலை, இல்லையென்றால் வெளியே.

உங்கள் உயரத்துக்குக் கை, மட்டை எல்லாம் நீட்டினால் பந்தைத் தொடுகிற இடம் சுமார் 2.55 மீட்டர். நூலுக்குக் கீழே நிற்கிறீர்கள். அப்புறம் எப்படி உங்கள் சர்வீஸ் உள்ளே விழுகிறது? இரண்டு காரணம். புவியீர்ப்பு பந்தைக் கீழே இழுக்கிறது. சுழற்சி கொடுத்திருந்தால் காற்று இன்னும் அதிகமாக அழுத்துகிறது. வேகம் கூடக்கூட, புவியீர்ப்பு வேலை செய்யக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஆகவே நீங்கள் பலமாக அடிக்க அடிக்க, வலைக்கு மேலே உங்களுக்குக் கிடைக்கிற ஜன்னல் சின்னதாகிக்கொண்டே போகும். முதல் சர்வீஸ் இரண்டில் ஒன்று வெளியே போவதில் அதிசயமே இல்லை.

இரண்டாவது சர்வீஸில் நீங்கள் செய்வது அதைவிட மோசம். வேகத்தைக் குறைக்கிறீர்கள், சுழற்சி கொடுப்பதில்லை. பயத்தில் கை சுருங்குகிறது, தொடும் உயரமும் குறைகிறது. வலையில் விழாமல் என்ன செய்யும்?


பழைய_மட்டை
ஞாயிறு, இரவு 10.10

தம்பி, 14 டபுள் ஃபால்ட் என்றதும் என் மனசு கேட்கவில்லை, தூங்கப் போனவன் எழுந்து வந்து எழுதுகிறேன். எனக்கு வயது 68. மெர்பேங்க் பக்கம் ஆடிய ஆள். என்னைக் கேட்டால் டாஸ். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நாளைக் காலையில் கோர்ட்டுக்குக்கூடப் போக வேண்டாம், வீட்டு வாசலில் இதைச் செய்து பாருங்கள். சர்வீஸ் போட நிற்கிற மாதிரி நில்லுங்கள். மட்டையைத் தரையில் வையுங்கள்: கைப்பிடி இடது கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், தலை வலைப் பக்கம் நீட்டிக்கொண்டு. பந்தை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காமல், ஒரு முட்டையை ஏந்துகிற மாதிரி விரல்நுனிகளில் வையுங்கள். முழங்கை மடங்காமல் கையை மேலே தூக்கி, நெற்றி உயரத்தில் விரல்களைத் திறந்துவிடுங்கள். எறியவே கூடாது. கை மேலே போக, பந்து தானாகக் கையை விட்டுப் பிரிய வேண்டும். அடிக்காமல் அது கீழே விழட்டும். மட்டையின் நரம்பில் விழுந்தால் "டங்" என்று ஒரு சத்தம் வரும். பத்து தடவை போட்டு எத்தனை தடவை அந்தச் சத்தம் வருகிறது என்று எண்ணுங்கள்.

என்னிடம் வந்த பிள்ளைகளில் முதல் நாளே ஐந்தைத் தாண்டியவர்கள் குறைவு. ஒரு பந்து தலைக்குப் பின்னால் விழும், ஒன்று வலது பக்கம் ஒரு முழம் தள்ளிப் போகும். டாஸ் பத்து இடத்துக்குப் போனால், நீங்கள் பத்து விதமான சர்வீஸ் போடுகிறீர்கள் என்று அர்த்தம். உடம்பு ஒவ்வொரு தடவையும் பந்தைத் துரத்திக்கொண்டு போகிறது.

இன்னொன்று, டாஸ் சரியில்லை என்றால் அடிக்காதீர்கள், பிடித்துவிடுங்கள். மட்டையை வீசாதவரை அது ஃபால்ட் இல்லை, விதியே அனுமதிக்கிறது. வீசித் தவறவிட்டால்தான் ஃபால்ட். எதிராளி முகம் சுளிப்பாரே என்று கெட்ட டாஸை அடித்து பாயிண்டை விடுகிறவர்கள் எத்தனையோ பேர். "மன்னிக்கவும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி போடுங்கள்.


மிட்ராண்ட்_திருச்சி
ஞாயிறு, இரவு 10.30

ஐயா சொன்னதோடு டாஸ் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. தொடும் இடத்துக்கு மேலே ஒரு மீட்டர் போய் இறங்குகிற பந்து, அந்த இடத்தை நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் கடக்கும். 20 செ.மீ., அதாவது ஏறத்தாழ ஒரு சாண் மட்டும் மேலே போனால் வெறும் 2 மீட்டர்தான். மெதுவாக இறங்குகிற பந்தை அடிப்பது எளிது. கடற்கரைக் காற்றில் அது இன்னும் முக்கியம்.


டோங்காட்_கரும்பு
திங்கள், காலை 6.15

பெரியவர் மன்னிக்க வேண்டும், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அண்ணனின் பிரச்சினை டாஸ் இல்லை, பிடி என்று சந்தேகப்படுகிறேன். "மெதுவாகத் தள்ளினேன்" என்று எழுதியிருக்கிறார் பாருங்கள், அந்த ஒரு வார்த்தை போதும்.

என் தாத்தா டோங்காட்டில் கரும்பு வெட்டியவர். கரும்பு வெட்டும் கத்தியை எப்படிப் பிடிப்பார்கள்? கூர் முன்னால் இருக்கும்படி. தட்டையான பக்கத்தால் கரும்பை யாரும் அடிக்கமாட்டார்கள். மட்டையை அப்படியே பிடியுங்கள், மட்டையின் விளிம்புதான் கத்தியின் கூர். கான்டினென்டல் பிடி என்று சொல்வது இதைத்தான். ஃபோர்ஹேண்ட் பிடியில் சர்வீஸ் போடுகிறவர்களுக்கு, மட்டையின் முகம் ஆரம்பத்திலிருந்தே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், தட்டு ஏந்துகிற மாதிரி. அதை வைத்துப் பந்தைத் தள்ளத்தான் முடியும். சுழற்றவே முடியாது.

கத்திப் பிடியில் மட்டையின் விளிம்பு முதலில் பந்தை நோக்கி ஏறும். தொடுவதற்குச் சற்று முன்னால் மேல்கை தோளில் உள்பக்கமாகச் சுழன்று, முன்கையும் வெளிப்பக்கம் திரும்ப, முகம் திறந்து பந்தைச் சந்திக்கும். அடித்து முடித்த கணத்தில் உள்ளங்கை வெளிப்பக்கம் பார்த்திருக்கும், கட்டைவிரல் தரையைக் காட்டும். மணிக்கட்டைச் சொடுக்குவது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிவது உண்மையில் இந்தத் திருப்பம்தான். மணிக்கட்டைத் தனியாகச் சொடுக்கப் போனால் வேகமும் வராது, வலிதான் வரும்.

ஒரு சின்னச் சோதனை: நீங்கள் சர்வீஸ் போடத் தயாராகி மட்டையைத் தலைக்கு மேல் கொண்டுவந்த நிலையில், பக்கத்திலிருந்து யாராவது போனில் வீடியோ எடுக்கட்டும். மட்டையின் முகம் வானத்தைப் பார்த்தால் நான் சொன்னது சரி.


சாட்ஸ்வொர்த்காரன்
திங்கள், இரவு 7.50

இரண்டையும் செய்து பார்த்தேன்.

டாஸ் சோதனையில் பத்துக்கு மூன்று. பெரும்பாலும் வலது பக்கம், என் பின்பக்கமாகப் போகிறது. மனைவி வீடியோ எடுத்தாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தம்பி சொன்னது அப்படியே இருக்கிறது, மட்டையின் முகம் முழுசாக வானத்தைப் பார்க்கிறது. எட்டு வருடம் ஒருவரும் இதை எனக்குச் சொல்லவில்லை என்பது கஷ்டமாக இருக்கிறது.

கத்திப் பிடியில் கராஜ் கதவைப் பார்த்து மெதுவாகப் பத்து பந்து அடித்தேன். எல்லாம் இடது பக்கம் பறந்தன. பந்தின் ஓரத்தில் பட்டு வழுக்கிக்கொண்டு போகிறது. இது இப்படித்தான் இருக்குமா?


டோங்காட்_கரும்பு
திங்கள், இரவு 8.05

இப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள். விளிம்பு திரும்ப நேரம் கிடைக்கவில்லை, அதனால் பக்கவாட்டில் சீவிக்கொண்டு போகிறது. ஒரு வாரம் சர்வீஸ் கோட்டில் நின்று, பாதி வேகத்தில், பந்தை எதிர் வேலிக்கு மேலே அனுப்புவது போல அடியுங்கள். அப்புறம் ஒவ்வொரு நாளும் இரண்டு அடி பின்னால் வாருங்கள். பேஸ்லைனுக்கு வந்து சேரும்போது கை பழகியிருக்கும். அந்த ஒரு வாரம் மேட்ச் ஆடாதீர்கள். ஆடினால் பதற்றத்தில் பழைய பிடிக்கே போய்விடுவீர்கள்.


கோர்ட்_நம்பர்_3
திங்கள், இரவு 9.00

எல்லோரும் நுணுக்கம் பேசுகிறீர்கள். நான் நேராகவே கேட்கிறேன்: வேகம் வேண்டாமா? நம் தென்னாப்பிரிக்க வீரர் கெவின் ஆண்டர்சன் 2018 விம்பிள்டனில் இறுதிப் போட்டிக்குப் போனது எதனால்? சர்வீஸ். காலிறுதியில் ஃபெடரரிடம் இரண்டு செட் இழந்த பிறகு ஐந்தாவது செட்டை 13-11 என்று எடுத்தார். அரையிறுதியில் ஐஸ்னரோடு 6 மணி 36 நிமிடம், கடைசி செட் 26-24. இருவர் சர்வீஸையும் சுலபமாக உடைக்க முடியவில்லை. அந்த ஆட்டத்துக்கு அடுத்த வருடமே விம்பிள்டனில் கடைசி செட்டில் 12-12க்கு, செட்டை முடித்துவைக்கிற டை பிரேக் கொண்டுவந்தார்கள். வேகமான முதல் சர்வீஸ் இருக்கிறவர் அதை ஏன் விட வேண்டும்? அவர் அடிக்கட்டும் என்பதுதான் என் கட்சி.


இடதுகைக்காரி
திங்கள், இரவு 9.40

தம்பி, ஆண்டர்சன் உயரம் 2.03 மீட்டர். மட்டையை நீட்டினால் மூன்று மீட்டருக்கு மேல். மிட்ராண்ட் தம்பி சொன்ன நூலுக்கு மேலே நின்று அவர் அடித்தார். நம் சாட்ஸ்வொர்த் அண்ணன் நூலுக்குக் கீழே நிற்கிறார். இருவரும் ஒரே சர்வீஸைப் போட முடியாது.

அவ்வளவு உயரம் இல்லாமல் எப்படி என்று கேட்டால், நம் டர்பனிலேயே பிறந்த கெவின் கரன் இருக்கிறார். 1985 விம்பிள்டனில் மெக்கன்ரோவையும் கானர்ஸையும் அடுத்தடுத்து வென்று இறுதிப் போட்டிக்குப் போய், 17 வயது பெக்கரிடம் தோற்றார். அவர் டாஸ் மிகத் தாழ்வு, பந்து மேலே போகும்போதே அடித்துவிடுவார். எதிராளிக்குப் பந்தைப் படிக்க நேரமே கிடைக்காது. (இதை அண்ணன் நகல் எடுக்க வேண்டாம், அதற்கு ஒரு தனி உடம்பு வேண்டும்.) எதிராளியின் நேரத்தைத் திருடுவதுதான் சர்வீஸ். அதற்கு வேகம் ஒரு வழி, ஒரே வழி இல்லை.

நான் இடது கை. 52 வயது. என் சர்வீஸ் எங்கள் மகளிர் லீக்கில் ஆக மெதுவான சர்வீஸ்களில் ஒன்று. ஆனாலும் என் சர்வீஸ் கேமை எடுப்பது சுலபம் இல்லை. காரணம் இடம். ஆட் கோர்ட்டிலிருந்து, அதாவது இடது பாதியிலிருந்து, நான் ஸ்லைஸ் (பக்கச்சுழற்சி) போட்டால், பந்து வலது கைக்காரரின் பேக்ஹேண்டை விட்டு வெளியே வெளியே நழுவும். அவர் பக்கக் கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். கோர்ட் முழுவதும் எனக்குக் காலி. 30-40, அட்வான்டேஜ் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஆடுகிறோம், இடது கைக்காரர்களுக்கு இது பெரிய வரம். வலது கைக்காரர்களுக்கு இதே கோணம் டியூஸ் கோர்ட்டில், அதாவது வலது பாதியில் கிடைக்கும், ஆனால் அங்கே எதிராளியின் ஃபோர்ஹேண்ட் பக்கம். அதனால் நீங்கள் ஸ்லைஸை வெளியே இழுக்கிற அளவுக்கு, உடம்பை நோக்கியும் போடப் பழகுங்கள். உடம்புக்கு நேராக வருகிற பந்துக்கு ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று முடிவு செய்வதற்குள் பந்து விலாவுக்கு வந்துவிடும். சனிக்கிழமை லீக்கில் இதைவிடப் பலன் தருகிற சர்வீஸ் எனக்குத் தெரியாது. கோட்டைக் குறிவைக்க வேண்டியதே இல்லை!


மிட்ராண்ட்_திருச்சி
திங்கள், இரவு 10.20

கோர்ட் நம்பர் 3 கேட்டதற்கு எண்ணிலேயே பதில் சொல்கிறேன். இவை உதாரண எண்கள்.

முதல் திட்டம், அண்ணன் இப்போது ஆடுவது. முதல் சர்வீஸ் 45 சதவீதம் உள்ளே, அப்படி விழுந்தால் 72 சதவீதம் பாயிண்ட் அவருக்கு. இரண்டாவது சர்வீஸில் ஐந்தில் ஒன்று டபுள் ஃபால்ட், உள்ளே விழுந்தால் 45 சதவீதம் வெற்றி என்று வைத்துக்கொள்வோம். 100 பாயிண்டில் 52 கிடைக்கும்.

இரண்டாவது திட்டம். முதல் சர்வீஸை முக்கால் வேகத்துக்குக் குறைக்கிறார். 65 சதவீதம் உள்ளே, ஆனால் வெற்றி 65 ஆகக் குறைகிறது. சுழற்சியுள்ள இரண்டாவது சர்வீஸ், 92 சதவீதம் உள்ளே, வெற்றி 48. கூட்டிப் பார்த்தால் 58.

ஆறு பாயிண்ட்தானே என்று தோன்றும். அதைக் கேம் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு பாயிண்டை வெல்லும் வாய்ப்பு 52 சதவீதம் என்றால், சர்வீஸ் கேமை வெல்லும் வாய்ப்பு 55 சதவீதம். 58 ஆனால் அது 69 ஆகிவிடுகிறது. முதல் சர்வீஸ் கொஞ்சம் பலவீனமானபோதும் இவ்வளவு லாபம். கொல்லும் முதல் சர்வீஸைவிட, நம்பிக்கையான இரண்டாவது சர்வீஸ்தான் ஒருவரைச் சர்வீஸ்காரர் ஆக்குகிறது. இரண்டாவது நன்றாக இருந்தால் முதலாவதையும் பயமில்லாமல் அடிக்கலாம்.


கோர்ட்_நம்பர்_3
திங்கள், இரவு 10.45

கேம் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். என் ஆட்டத்தையும் இப்படி எழுதிவைத்துப் பார்க்கப் போகிறேன்.


தோள்பட்டை
செவ்வாய், மதியம் 1.10

நான் பிசியோதெரபிஸ்ட். சர்வீஸில் பாதிக்கப்பட்ட தோள்களை வாராவாரம் பார்க்கிறேன், அதனால் ஒரு வார்த்தை.

சர்வீஸின் பலம் தரையிலிருந்து வருகிறது. முழங்கால் மடங்கி நிமிர்வதில் ஆரம்பித்து இடுப்பு, முதுகு, தோள், முழங்கை, முன்கை, மட்டை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிப் போகிறது. ஒவ்வொன்றும் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காலைப் பயன்படுத்தாதவர்கள் அந்தக் குறையைத் தோளிலிருந்து எடுக்கிறார்கள். வயது நாற்பதைத் தாண்டினால் தோள் அந்தக் கடனைத் தாங்காது.

கிக் சர்வீஸ் என்று முதுகைப் பின்னால் வில் மாதிரி வளைத்துப் போடுவதை, இடுப்புவலி இருக்கிறவர்கள் தவிர்த்துவிடலாம். பந்தைத் தலைக்குப் பின்னால் போடாமல், வலது கண்ணுக்கு மேலே, கொஞ்சம் முன்னால் போட்டு, கீழிருந்து மேலாகவும் சற்று வலதுபக்கமாகவும் பந்தை உரசுங்கள். பாதி மேல்சுழற்சி, பாதி பக்கச்சுழற்சி. அவ்வளவு உயரம் எழும்பாது, ஆனால் வலையைத் தாராளமாகத் தாண்டி உள்ளே இறங்கும். நம் வயதுக்கு அதுதான் சரியான இரண்டாவது சர்வீஸ்.

குளிர்ந்த தோளோடு பலமாக அடிக்காதீர்கள். ரப்பர் பட்டையைக் கதவுப்பிடியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கையை வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள் செய்யுங்கள். பந்தை அடித்த பிறகு கையை நிறுத்துகிற தசைகள் அவை. சர்வீஸ் போடும்போது குத்துகிற வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.


மிட்ராண்ட்_திருச்சி
செவ்வாய், இரவு 8.30

பிசியோ சொன்ன "கீழிருந்து மேலாக" என்பதைப் பற்றி ஒன்று தெளிவாக்கிவிடுகிறேன், என் முதல் பதிவில் விட்டுவிட்டேன். வேகமான தட்டை சர்வீஸில் பந்து மட்டையை விட்டுக் கிளம்பும்போது ஒன்றிரண்டு டிகிரி கீழ்நோக்கித்தான் போகும். மேல்சுழற்சியுள்ள இரண்டாவது சர்வீஸில் பந்தே மேல்நோக்கிக் கிளம்பும். ஆனால் இரண்டிலுமே மட்டை மேலே ஏறிக்கொண்டுதான் பந்தைச் சந்திக்கிறது. அதனால் மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தை "மேலே" என்பது மட்டும்தான்.

இங்கே ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஆடுகிறவர்களுக்கும் ஒரு தகவல். நாங்கள் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். காற்றின் அடர்த்தி டர்பனைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. பந்து வேகம் குறையாமல் பறக்கும், சுழற்சி பிடிப்பது குறையும். 1,219 மீட்டருக்கு மேலே ஆடுவதற்கென்றே தனி வகைப் பந்து விதியில் உண்டு. நான் முதல் தடவை டர்பனுக்கு வந்து ஆடியபோது என் முதல் சர்வீஸ் எல்லாம் சேற்றில் போன மாதிரி இருந்தது. ஈரக்காற்றில் பந்தின் மேலுள்ள பஞ்சும் ஊறிக் கனத்துவிடுகிறது. ஆனால் என் ஸ்லைஸ் அன்றைக்கு வளைந்த வளைவு! இங்கே ஒருநாளும் அப்படி வளைந்ததில்லை. டர்பன் காற்று சுழற்சிக்கு நல்ல காற்று அண்ணா, அதைப் பயன்படுத்துங்கள்.


இடதுகைக்காரி
செவ்வாய், இரவு 9.05

கோடையில் மதியத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று எழும்புகிறதே, அதையும் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று ஆட்டத்துக்கு முன்னால் பார்த்துக்கொண்டு, டாஸைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். தென்மேற்குக் காற்று திடீரென்று திரும்பினால் அடுத்த டாஸையே அது தள்ளிவிடும்.


பழைய_மட்டை
புதன், இரவு 9.30

பிடியைப் பற்றி டோங்காட் தம்பி சொன்னது சரி. நான் டாஸ் என்று சொன்னதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் அண்ணன் வீடியோவில் இருந்தது பிடிக் கோளாறுதான்.

இதைப் படித்ததும் பழைய நினைவு ஒன்று. நான் சர்வீஸ் கற்றுக்கொண்டது எழுபதுகளில். அப்போது நல்ல கோர்ட், கிளப், பயிற்சியாளர் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு. எங்களுக்குக் கிடைத்தது வெடிப்புவிட்ட ஒரு கோர்ட். எனக்கும் என் கூட்டாளிக்கும் சேர்த்து மூன்று பந்து. வேலிக்கு வெளியே போனால் நான்தான் சாக்கடை வரை ஓடி எடுத்துவர வேண்டும். அதனால் முதல் சர்வீஸ், இரண்டாவது சர்வீஸ் என்ற வித்தியாசமே எனக்கு இருந்ததில்லை. போடுகிற ஒவ்வொரு சர்வீஸும் உள்ளே விழ வேண்டும். சுழற்சியை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மூன்று பந்துதான்.

1974இல் டேவிஸ் கோப்பை இறுதிக்கு இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் வந்தன. எனக்கு 17 வயது. நிறவெறி நாட்டோடு ஆடமாட்டோம் என்று இந்தியா விலகியது, ஆடாமலே கோப்பை இங்கே வந்தது. அந்த இந்திய அணியில் இருந்தவர்களில் இருவர் சென்னைப் பிள்ளைகள், விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும். அவர்கள் விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரிய கோப்பை என்பது டென்னிஸ் ஆடுகிற எனக்குத் தெரியும். அப்பா பேப்பரை மடித்து அலமாரியில் வைத்தார். அவர் எதையும் அப்படி எடுத்துவைக்கிறவர் இல்லை.

விஜய்க்கு உயரம் உண்டு, சர்வீஸும் பெரியது. ஆனால் என் கைக்கு நெருக்கமானவர் ரமேஷ் கிருஷ்ணன். அவர் சர்வீஸ் எவ்வளவு மென்மை என்று உலகத்துக்கே தெரியும். அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி. மகன் 1986இல் விம்பிள்டன் காலிறுதி, 1989இல் ஆஸ்திரேலியாவில் அப்போதைய முதல் நிலை வீரர் விலாண்டரையே வென்றார். சர்வீஸை ஆயுதமாக நினைக்காமல், ஆட்டத்தின் முதல் வார்த்தையாக வைத்துக்கொண்ட குடும்பம் அது. அவர்களுக்கு அதற்கப்புறம் ஆடத் தெரிந்திருந்தது, அது வேறு விஷயம். ஆனால் சாட்ஸ்வொர்த் தம்பிக்கும் பந்தை ஆடத் தெரியும் என்று அவர் எழுத்திலேயே தெரிகிறது. அவர் ஆட்டத்தை ஆரம்பித்தால் போதும், மீதியை ஆடிவிடுவார்.


சாட்ஸ்வொர்த்காரன்
ஐந்து வாரம் கழித்து, சனி இரவு 7.15

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன், நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் என்று தம்பி சொன்னதற்கு எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. மேட்ச் எதுவும் ஆடவில்லை. காலை 5.45க்குப் போய், சர்வீஸ் கோட்டிலிருந்து இரண்டு இரண்டு அடியாகப் பின்னால் வந்தேன். டாஸ் சோதனையில் இப்போது பத்துக்கு ஏழு, எட்டு. பன்னிரண்டாவது நாளோ என்னவோ, பந்து மட்டையை விட்டுப் போகும்போது சத்தம் மாறியது. முன்பு "பட்" என்று தட்டுகிற சத்தம். இப்போது நரம்பு பந்தை உரசுகிற ஒரு சத்தம், துணி கிழிவது போல. பந்து வலைக்கு மேலே மூன்று அடி உயரத்தில் போனது, வெளியே போகப்போகிறது என்றே நினைத்தேன், கோட்டுக்கு ஒரு அடி முன்னால் இறங்கிவிட்டது. கூடையில் இருந்த மற்ற பந்துகளை அப்படியே விட்டுவிட்டு அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இன்றைக்கு மேட்ச். முதல் செட்டை இழந்தேன், 3-6. முதல் சர்வீஸை முக்கால் வேகத்தில்தான் போட்டேன், பாதிக்கு மேல் உள்ளே. இரண்டாவது செட் 5-4, என் சர்வீஸ், 30-40. முதல் சர்வீஸ் வலை. பழைய பயம் வந்துவிட்டது, உள்ளங்கை ஈரம். டாஸ் போட்டேன், வலது பக்கம் தள்ளிப் போனது. அடிக்கவில்லை. பிடித்துவிட்டேன். "மன்னிக்கவும்" சொன்னேன். மறுபடி போட்டு, மேலே என்று மட்டும் சொல்லிக்கொண்டு, அவர் உடம்பை நோக்கி அடித்தேன். பந்து எழும்பி அவர் விலாப் பக்கம் போனது, மட்டையின் விளிம்பில் பட்டு மேலே கிளம்பியது, வலைக்குப் பக்கத்தில் எனக்கு ஸ்மாஷ்.

செட்டை எடுத்தேன். மூன்றாவது செட்டை டை பிரேக்கில் இழந்தேன், 7-5. டபுள் ஃபால்ட் மொத்தம் நான்கு. அதே பெண்தான் எழுதினாள்.

இப்போது ஒரு புதுச் சிக்கல். டியூஸ் கோர்ட்டிலிருந்து நடுக்கோட்டுப் பக்கம் போட நினைத்தால் பந்து எதிராளியின் ஃபோர்ஹேண்டுக்கே நேராகப் போகிறது. டை பிரேக்கில் இரண்டு பாயிண்ட் அப்படித்தான் போனது.


இடதுகைக்காரி
சனி, இரவு 7.40

தோள் சீக்கிரம் திறந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். பந்தைத் தொடும்வரை இடது கையை வயிற்றோடு மடித்து வைத்துக்கொள்ளுங்கள், நெஞ்சு திரும்புவது தாமதமாகும். எழுத்தில் இதற்கு மேல் சொல்வது கஷ்டம். நாளைக் காலை 6.30க்கு உங்கள் கோர்ட் காலியாக இருந்தால் நான் வந்து எதிர்ப்பக்கம் நின்று ரிட்டர்ன் செய்கிறேன். பந்து எப்படி வருகிறது என்று என் பக்கத்திலிருந்துதான் தெரியும்.


பழைய_மட்டை
சனி, இரவு 7.55

என்னையும் வழியில் ஏற்றிக்கொள்ளுங்கள் அம்மா. அலமாரியில் பழைய பந்து நாற்பது இருக்கிறது, கொண்டுவருகிறேன்.


சாட்ஸ்வொர்த்காரன்
சனி, இரவு 8.00

அக்கா, ஐயா, இரண்டு பேரும் வாருங்கள். கோர்ட் காலிதான். டீ நான் கொண்டுவருகிறேன்.